படிக்கத் தெரியும் என்று சொன்னவள்

ஆனக்குழியில் இரண்டு பேர் சாராயம் குடித்துச் செத்தது ஓணத்துக்கு முந்தின வாரம். இரண்டு பேருமே குடித்தது விலாசினி வீட்டுக் கொல்லைப்புறத்தில்.

ஒருவர் ஔத சேட்டன், ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற கிழவர். அழுவதற்கு ஆளில்லாதவர். இன்னொருவன் திவாகரன். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன், முப்பத்தாறு வயது. அவன் மனைவி சௌதாமினி ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவாள், மூக்குத் துடைத்துவிடுவாள்.

விலாசினி சாராயம் விற்க ஆரம்பித்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் புருஷன் கிருஷ்ணன்குட்டி குடகில் இஞ்சித் தோட்டத்து வேலைக்கென்று போனவன் போனவன்தான். வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஜீப்காரன் வெள்ளைக் கேனில் சரக்குக் கொண்டுவந்து இறக்குவான். அந்த வாரம் நீலக் கேன் வந்தது. மேலே சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. கம்பெனிப் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"லைட்டு போயிடுச்சா சேச்சி? ஒண்ணும் தெரியலையே" என்று திவாகரன் பட்டப்பகலில் கேட்டபோதுதான் சரக்கில் ஏதோ தப்பு என்று அவளுக்கு உறைத்தது. அவளே ஓடிப்போய் ஜீப் பிடித்தாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தகவல் தெரிந்து ஓடி வந்த சௌதாமினி, வராந்தாவில் நின்ற விலாசினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது கொண்டுவந்து சேர்த்தீங்களே சேச்சி, இந்த உபகாரத்தை மறக்கமாட்டேன்" என்றாள். விஷயம் அப்போது அவளுக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் போலீஸ் வந்தது. மூன்றாம் நாள் திவாகரன் போய்விட்டான். ஜீப்காரன் அகப்படவே இல்லை.

கோர்ட்டில் பேசியதில் பாதி ஆங்கிலம். விலாசினிக்குப் புரிந்ததெல்லாம், தான் கொடுத்ததைக் குடித்து இரண்டு பேர் செத்தார்கள் என்பதுதான். அதை அவள் மறுக்கவும் இல்லை. கடைசியில் நீதிபதி நேரடியாக அவளைக் கேட்டார்.

"கேன் மேல எழுத்து இருந்துச்சே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியாது. தன் பெயரை மட்டும் கோலம் போடுவதுபோல வரைவாள். பஸ்ஸை நிறத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்வாள். யாராவது காகிதத்தை நீட்டினால் கண் நோகிறது என்பாள். அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது மாநிலமே எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்து ஊரூராக ஊர்வலம் விட்டார்கள். அதற்கு முன் வீடு வீடாக வந்து கணக்கெடுத்தவர்களிடம், செங்கல் சூளையிலிருந்து வந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் ஆறாம் கிளாஸ்" என்று சொல்லிவிட்டாள். அவர்களும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே அவளுக்கு ஒரு தனி வேலையாக இருந்தது.

கோர்ட் முழுக்க ஆட்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட சின்னப் பெண்கள்கூடக் கையில் பேனாவோடு நின்றார்கள். மூன்றாவது பெஞ்சில் சௌதாமினி உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்" என்றாள் விலாசினி.

பத்து வருடம் கிடைத்தது.

*

பெண்கள் சிறையில் அவளைச் சப்பாத்திப் பிரிவில் போட்டார்கள். காலை ஐந்தரைக்கு மாவு பிசையத் தொடங்கினால் மதியத்தோடு வேலை முடியும். அதன்பின் கூடத்தில் வகுப்பு நடந்தது. வெளியிலிருந்து ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நடத்தியது ஷைலஜா. முன்பு வங்கியில் வேலை பார்த்தவள், ஆயுள் கைதி, விலாசினியைவிடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் நீளம்.

முதல் வருடம் விலாசினி அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டவர்களிடம், "எனக்கெதுக்கு? நான்தான் படிச்சவளாச்சே" என்றாள். ஒருநாள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன்னால் அவள் வெகு நேரம் நிற்பதை ஷைலஜா பார்த்தாள்.

"என்ன சேச்சி போட்டிருக்கு?"

"அதுதான்... நாளைக்கு ஏதோ மீட்டிங்காம்."

"அது தண்ணி டேங்க் கழுவுற அறிவிப்பு." ஷைலஜா குரலைத் தாழ்த்தினாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மாவு கழுவின கையோட வந்து என் பக்கத்துல உக்காருங்க. எனக்கு உதவி பண்றீங்கன்னு மத்தவங்க நெனச்சுக்கட்டும்."

அப்படித்தான் முப்பத்தெட்டாவது வயதில் விலாசினி எழுத்தில் கை வைத்தாள். முதல் நோட்டில் ஒரே எழுத்து ஒரு பக்கம் முழுக்க உருண்டு, சரிந்து, கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தது. ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் சிறை முத்திரையும் தேதியும் இருக்கும். ஆறு மாதத்தில் கூட்டிப் படிக்க வந்தது. ஷைலஜா குழந்தைகள் பாடப் புத்தகத்தை நீட்டினாள். விலாசினி அதைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"எனக்கு என் கேஸ் கட்டைப் படிக்கணும்."

"கிறுக்கா உங்களுக்கு? மயிலும் முயலும் இருக்கும்போது அந்தச் சனியனை எதுக்கு?"

"என்னைப் பத்தி எழுதினதை நான் படிச்சதே இல்லையே மோளே."

போலீஸ் அவள் வீட்டைச் சோதித்து எழுதிய மகஜரை ஒரு வாரம் எடுத்துப் படித்தாள். விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. தன் வீட்டுக் கொல்லை, பலா மரம், கிணறு, அலுமினியக் குவளை இரண்டு என்று எல்லாம் அதில் இருந்ததைப் பார்த்து முதலில் அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. ஐந்தாம் நாள் கேனுக்கு வந்தாள்.

"முப்பத்தைந்து லிட்டர்... கொள்ளும்... நீல நிறக் கேன் ஒன்று. அதன் மேல்... சிவப்பு மையில்... மலையாளத்தில்... விஷம். மனிதர்... குடிக்க..."

விரல் நின்றுவிட்டது.

ஷைலஜா எட்டிப் பார்த்து மீதி வரியைப் படித்துவிட்டு, கேஸ் கட்டை வாங்கி மூடிவைத்தாள். விலாசினி சொன்னாள். "அந்த எழுத்தைப் பார்த்தேன்னு சொன்னேன். படிக்கத் தெரியும்னும் சொன்னேன். அப்போ ஜட்ஜி என்ன நெனச்சிருப்பார்? சௌதாமினி என்ன நெனச்சிருப்பா? தெரிஞ்சே ஊத்திக் கொடுத்திருக்கேன்னுதானே?"

"மேல்முறையீடு போடலாம் சேச்சி. நான் எழுதித் தரேன்."

"போட்டு? ரெண்டு பேரும் எழுந்து வரவா போறாங்க?"

பதினைந்து நாள் வகுப்புக்கு வரவில்லை. பதினாறாம் நாள் மாவு கழுவிய கையோடு வந்து உட்கார்ந்தாள். நாலாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். பிறகு ஏழாம் வகுப்பு. சிறையிலிருந்து எழுதிய பதினோரு பேரில் அவள்தான் கணக்கில் முதல். "பின்னே, சாராயம் அளந்த கையில்லையா" என்று ஷைலஜா எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்க முடிந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

*

விடுதலைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஷம்சுதீன் என்ற நன்னடத்தை அலுவலர் பார்க்க வந்தார். எந்நேரமும் மூன்று காரியத்துக்கு நேரமாகிவிட்டவர்போல இருப்பார். ஆனால் சொன்ன எதையும் மறக்கமாட்டார்.

"கான்டீன்ல எடுத்துக்கறோம்னு ஒரு இடத்துல சொல்லியிருக்காங்க. சப்பாத்தி போடுவீங்களே."

"அடுப்படி வேலை மட்டும் வேண்டாம் சாரே."

"ஏன்?"

"என் கையால இனி யாருக்கும் வாய்க்கு ஒண்ணும் போகவேண்டாம்."

அவர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். அடுத்த மாதம் வேறு ஏற்பாட்டோடு வந்தார். ஆனக்குழிப் பஞ்சாயத்தில் வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் குப்பை சேகரித்துத் தரம் பிரிக்கும் பெண்கள் குழுவில் ஓர் இடம். பச்சைச் சட்டை, சாக்கு, எந்த வீட்டில் எத்தனை பை என்று எழுத ஒரு பதிவேடு. "எழுதத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினேன்" என்றார். அவள் வீட்டுக் கூரைக்குத் தகரம் போட அரசு உதவிக்கும் அவரே எழுதியிருந்தார். "பத்தாம் வகுப்பை விட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே வகுப்பு நடக்குது. மேரிக்குட்டி டீச்சர்கிட்ட பேசிட்டேன்."

ஊர் அவளை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. சில வீடுகளில் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். சில வீடுகளில் நின்று பேசினார்கள். சௌதாமினியின் வீடு இருந்த தெருவை விலாசினி குழுவில் சொல்லித் தவிர்த்துக்கொண்டாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க முடியவில்லை. வகுப்பில் பதினாலு பேர். ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல்காரி, கோயில் மேளக்காரர் ஒருவர். எல்லோரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விலாசினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முன் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். முடி நரைத்திருந்தது. ஆனால் யாரென்று தெரிய அரைக் கணம்கூட ஆகவில்லை.

"டீச்சரே, ஒண்ணு அவ, இல்லேன்னா நான்" என்றாள் சௌதாமினி.

மேரிக்குட்டி டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே விலாசினி செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மறுநாள் டீச்சர் குப்பைக் கொட்டகைக்கே வந்தாள். ஐம்பது வயது, கையில் எப்போதும் குடை. "ஒரு ஆளைக்கூட நான் இதுவரை பாதியில விட்டதில்ல. உன் பேரை வெட்டமாட்டேன், கேட்டுக்கோ."

"அவங்க எதுக்குப் படிக்கறாங்க டீச்சர்?"

"இருபது வருஷமா அங்கன்வாடியில உதவியாளாவே இருக்கா. பத்து பாஸானா டீச்சராகலாம். இப்போ விட்டா வயசு தாண்டிடும்."

"அப்போ அவங்கதான் உக்காரணும். எனக்குப் புத்தகத்தை மட்டும் கொடுங்க. வீட்லயே படிச்சுக்கறேன்."

மேரிக்குட்டி டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. நேரே சௌதாமினியிடம் போய், விலாசினியின் சிறைச் சான்றிதழைக் காட்டி, "இந்தப் பொம்பளை ஜெயிலுக்குப் போய்த்தான்டீ எழுத்தே கத்துக்கிட்டா. அவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவளை நீ வெளியே போன்னு சொல்ற" என்று யதார்த்தமாகச் சொல்லப்போக, சௌதாமினியின் முகம் வெளுத்துவிட்டது.

அன்று சாயங்காலமே அவள் கொட்டகைக்கு வந்தாள். பிளாஸ்டிக் கவர்களைப் பிரித்துக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"டீச்சர் என்னமோ சொல்றா. நீ ஜெயில்லதான் எழுத்துப் படிச்சேன்னு. பொய்தானே?"

விலாசினி எழுந்து நின்றாள். "பொய்யில்ல."

"கோர்ட்ல ஜட்ஜி கேட்டப்போ தெரியும்னு சொன்னே. நான் என் ரெண்டு காதால கேட்டேன்."

"அதுதான் பொய்."

"எதுக்கு? எதுக்குடீ அப்படி ஒரு பொய்?"

"வெக்கமா இருந்துச்சு."

"நான் நம்பணுமா இதை?"

"நம்பவேண்டாம். வீட்ல நோட்டு இருக்கு. வந்தா காட்டறேன்."

மேட்டு வழியில் விலாசினி முன்னால் ஏறினாள். பத்தடி பின்னால் சௌதாமினி. வீட்டு முற்றத்துக்கு வந்ததும் சௌதாமினி நின்றுவிட்டாள். கொல்லையில் அந்தப் பலா மரம் தெரிந்தது. உள்ளே வரச்சொல்லி விலாசினி அழைக்கவில்லை. நோட்டைக் கொண்டுவந்து முற்றத்துத் துணி துவைக்கும் கல்லில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

சௌதாமினி புரட்டினாள். முத்திரையையும் தேதியையும் பார்த்தாள். திவாகரன் செத்து இரண்டு வருடத்துக்குப் பிந்திய தேதி. கீழே உருண்டும் சரிந்தும் கிடந்த எழுத்துகள். இருபது வருடமாகக் குழந்தைகள் சிலேட்டில் அவள் அந்த எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படி யாராலும் நடித்து எழுத முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

நோட்டை மூடினாள். "தெரிஞ்சே செஞ்சேன்னு நெனச்சிருந்தேன். கோபப்பட ஒரு ஆளாவது இருந்துச்சு. இப்போ நான் யார்மேல கோபப்படறது?"

"என்மேலதான்" என்றாள் விலாசினி. "படிக்கத் தெரியாதது என் தப்பில்ல. யார்கிட்டயும் கேக்காதது தப்பு. திவாகரன்கிட்டயே கேட்டிருக்கலாம். 'இதென்ன எழுதியிருக்கு, பாரு'ன்னு ஒரு வார்த்தை. அவன் படிச்சுச் சொல்லியிருப்பான். வெக்கப்பட்டுக் கேக்கலை. அதுக்குப் பேரு என்னன்னு எனக்கு இன்னும் தெரியலை."

சௌதாமினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நோட்டைக் கல்லிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பாதி வழியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வா. ஆனா என் கண்ணுல படாத இடத்துல உக்காரு."

*

விலாசினி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சௌதாமினி முதல் பெஞ்சில். பத்து மாதமும் அவள் பார்த்தது சௌதாமினியின் முதுகையும் கொண்டையையும்தான். ஒரு பாட்டரி கடிகாரமும் மழைக்காலத்தில் ஒழுகும் கூரையும் தவிர அந்த அறையில் இருவருக்கும் பொதுவாக எதுவும் இருக்கவில்லை. வினாத்தாளை முன்னாலிருந்து பின்னால் கடத்தும்போது மட்டும் நடுவிலிருந்த மேளக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சேச்சிமாரே, இங்க நான் ஒருத்தன் போஸ்ட்மேன் வேலை பார்க்கறேன்" என்பார். சௌதாமினி சிரிக்கமாட்டாள். ஆனால் ஒருமுறை தோள் குலுங்கியதை விலாசினி பார்த்தாள்.

நவம்பரில் தேர்வு முடிந்தது. முடிவு வந்த அன்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தார்கள். மேரிக்குட்டி டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். விலாசினி எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். ஆங்கிலத்தில் மயிரிழை, கணக்கில் மிக உயர்ந்த மதிப்பெண். சௌதாமினி கணக்கில் மட்டும் தோற்றுவிட்டாள்.

யாரும் கைதட்டவில்லை. மறுதேர்வு இருக்கிறது, அங்கன்வாடி நேர்காணலுக்கு முன்பே முடிந்துவிடும் என்று டீச்சர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். சௌதாமினி தலையாட்டினாள், ஒன்றும் காதில் விழாதவள்போல. பிறகு எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து, கடைசி பெஞ்சுக்கு வந்து நின்றாள்.

"கணக்குல உனக்கு எத்தனை மார்க் போட்டிருக்கான்?"

விலாசினி சொன்னாள்.

"எப்படிப் போடுவே அதை? இந்த எக்ஸ், ஒய் எல்லாம்?"

"அது... அளக்கறமாதிரிதான். இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கமும் அதே அளவு ஊத்தணும்." சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்து அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சௌதாமினி அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பத்து மாதத்தில் முகத்துக்கு முகம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதை வேற உதாரணம் வச்சுச் சொல்லத் தெரியாதா உனக்கு? கஞ்சி, பாயசம்னு ஏதாவது? மடச்சி" என்றாள். எதிரிலிருந்த குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். "சரி, சொல்லு. மெதுவா சொல்லு. எனக்கு மண்டைல ஏறாது."

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் அங்கே உட்கார்ந்தார்கள். கணக்கைத் தவிர வேறு பேச்சு அநேகமாக இருக்கவில்லை. விலாசினி தப்பாமல் பாயசத்தையும் கஞ்சியையும் வைத்தே சமன்பாடு சொன்னாள். ஒருநாள் மட்டும் சௌதாமினி பென்சிலை நிறுத்திவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். "உங்க பேரைத்தான் சொல்லிட்டே வந்தாரு" என்றாள் விலாசினி. அது உண்மை. சௌதாமினி பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டாள். பிறகு அடுத்த கணக்குக்குப் போனார்கள்.

மறுதேர்வில் சௌதாமினி தேறினாள். அடுத்த ஜூனில் அங்கன்வாடியில் டீச்சர் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். அவள் வீட்டுத் தெரு இப்போது விலாசினியின் பங்கில்தான் இருக்கிறது. சௌதாமினி பையைக் கொடுக்கும்போது, "போன மாசம் எட்டுன்னு எழுதினியே, ஒன்பது இருந்துச்சு, உனக்குக் கணக்கு மறந்துபோச்சா" என்று ஏதாவது குறை சொல்லாமல் விடமாட்டாள். இருவரும் தோழிகள் ஆகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லமுடியாது. விலாசினிக்கு அந்தக் குறை கேட்பதே போதுமாக இருந்தது.

பிளஸ் டூவுக்குப் பணம் கட்டிய வாரம் ஷம்சுதீன் போன் செய்தார். பெண்கள் சிறையில் வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு உதவியாகச் சனிக்கிழமைகளில் ஒருவர் வேண்டுமாம். அனுமதி வாங்க இரண்டு மாதம் அலைந்திருக்கிறார்.

"உங்களால முடியுமா?"

"கேட்ல விடுவாங்களா சாரே?"

"விடற கடுதாசி என் கையில இருக்கு."

முதல் சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவள் உள்ளே போனாள். கூடத்தில் புதிதாக வந்த ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஷைலஜா சுவரில் சாய்ந்து நின்று, "வந்துட்டாங்கய்யா கணக்கு டீச்சர்" என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரி முணுமுணுத்தாள். ஆசிரியர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "சரி, படிக்கத் தெரியாதவங்க யார் யாரு? கை தூக்குங்க பார்க்கலாம்" என்றார்.

ஒரு கையும் எழவில்லை.

விலாசினி அவர் பக்கத்தில் போய், "சாரே, அதைக் கேக்கவேண்டாம்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு நோட்டுக் கட்டைப் பிரித்து, வரிசையின் முதலிலிருந்து கடைசிவரை, ஒருத்தியையும் விடாமல், ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டே போனாள்.

"எல்லாரும் முதல் எழுத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கறவங்களுக்காக இன்னொரு தடவை எழுதுங்க. ஒண்ணும் குறைஞ்சுபோயிடமாட்டீங்க."

ஜன்னலோரம் இருந்த ஒருத்தி மட்டும் நோட்டைத் திறக்காமல், கண் நோகிறது என்றாள். விலாசினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் நோவும்" என்றாள். "பென்சிலை எடு."